ஸ்தாபனங்களின் கட்டுக்கோப்பு

வீடு கட்ட முற்படும் ஒருவன், மனையின் நீள அகலங்களை அளவாமலும், கிணறு எங்கே, அடுப்பங்கரை எங்கே, மழைநீர் எவ்வழிச் செல்லும் என்பவற்றை ஆராயாமலும், செங்கல்லையும் மரத்தையும் முதலில் வாங்கிக் குவிப்பானாயின், அவனைக் கண்டோர் நகையாமல் இரார். கோபுரம் கட்டத் தொடங்கி முடிக்கமாட்டாமல் நின்றவனைப் பற்றிய சுவிசேஷ உவமையும் நம் வாசகர் அறிந்ததே. ஆயினும், தனி மனிதன் செய்யின் பேதைமையென்று நாம் இகழும் இச்செயலையே பெரிய ஸ்தாபனங்கள் பல கூசாது செய்துவருகின்றன. அரசாங்க இலாகாக்களும், பாங்குகளும், வைத்தியசாலைகளும், கலாசாலைகளும் கணினிகளையும் அவற்றிற்குரிய மென்பொருள்களையும் பெரும்பொருள் கொடுத்து வாங்குகின்றன. வாங்கிய பின்னரே, இவை தம் வேலைக்கு எவ்வாறு பொருந்தும் என்று சிந்திக்கத் தலைப்படுகின்றன. இம்முறை தவறு என்பதும், ஒவ்வொரு ஸ்தாபனமும் தன்னைத் தான் அறிந்துகொண்ட பின்னரே கருவிகளைத் தேடவேண்டும் என்பதும், அவ்வறிவைத் தருவதற்கென்று எழுந்த ஒரு துறையை நம் பட்டதாரிகள் கற்றல் நலம் என்பதும் இக்கட்டுரையில் நாம் கூற விரும்புவனவாம்.

அத்துறையை ஆங்கிலத்தில் ‘எண்டர்பிரைஸ் ஆர்க்கிடெக்சர்’ என்பர். தமிழில் ‘ஸ்தாபனக் கட்டுக்கோப்பு’ என்று வழங்குதல் பொருந்தும். ஒரு ஸ்தாபனம் எந்நோக்கத்திற்காக இருக்கின்றது, அந்நோக்கம் நிறைவேற என்னென்ன வேலைகள் நடைபெறுகின்றன, அவ்வேலைகளுக்கு எவ்வெச் செய்திகள் வேண்டும், அச்செய்திகளை எம்மென்பொருள்கள் காத்து வழங்குகின்றன, அம்மென்பொருள்கள் எவ்வியந்திரங்களின்மீது இயங்குகின்றன என்னும் இவற்றை ஒன்றோடொன்று தொடர்புபடுத்தி எழுதிவைப்பதும், இன்றுள்ள நிலையினின்று இனி வேண்டிய நிலைக்குச் செல்லும் வழியை வகுப்பதும், அவ்வழியினின்று விலகாமல் காப்பதுமே இத்துறையின் தொழிலாகும். கொத்தன் தன் சுவரை அறிவான். தச்சன் தன் கதவை அறிவான். சுவரும் கதவும் ஒரே வீட்டைச் சேர்ந்தவை என்பதை இடைவிடாது நினைவில் வைத்திருப்பவன் ஸ்தபதி. அத்தகைய ஸ்தபதி ஒருவன் ஸ்தாபனத்திற்கும் வேண்டும் என்பதே இத்துறையார் கொள்கை.

இதன் அவசியத்தை ஓர் உதாரணத்தால் விளக்குவோம். ஒரு கலாசாலையில் சேரும் மாணவனுடைய பெயர், சேர்க்கைப் பதிவேட்டில் தந்தை பெயரின் முதலெழுத்து முன்னிற்க எழுதப்படுகின்றது என்று கொள்வோம். சம்பளம் வாங்கும் அலுவலகத்தில் அவ்வெழுத்துப் பின்னே போய்விடுகின்றது. விடுதிப் பதிவில் தந்தையின் பெயர் முழுமையாக விரிகின்றது. புத்தகசாலையில் முதலெழுத்தே மறைகின்றது. பரீட்சை அலுவலகத்திலோ ஆங்கில எழுத்துக்கூட்டில் ஓரெழுத்து மிகுகின்றது. ஐந்திடங்களிலும் தனித்தனிக் கணினி முறைகள் இருப்பின், ஒரு மாணவன் ஐந்து மாணவர்களாகின்றான். படிப்பு முடிந்து மாறுதற் சான்றிதழ் கேட்டு அவன் வருங்கால், பாக்கி ஒன்றுமில்லை என்று மெய்ப்பிப்பதற்கு அலுவலகந்தோறும் அலைய நேரிடும். ஐந்து முறைகள் இருக்குமிடத்தில் ஆறாவதாக ஒன்றை வாங்குவதால் இக்குறை தீருமோ? தீராது. மாணவனை முதலிற் பதியும் உரிமை எவ்வலுவலகத்தைச் சார்ந்தது, அப்பதிவை ஏனையோர் எவ்வாறு பெறுவர், பிழை காணின் திருத்தும் கடமை யாருடையது என்று தீர்மானிப்பதே உரிய மருந்து. இத்தீர்மானம் யந்திரத்தைப் பற்றியதன்று. அதிகாரத்தையும் பொறுப்பையும் பற்றியது. யந்திரசாலையில் இருப்போர் இதனைத் தாமே செய்துவிட இயலாது.

இத்துறையின் வரலாறு நீண்டதன்று. ஐ.பி.எம். கம்பெனியில் பணியாற்றிய ஜான் ஸாக்மன் என்பார், அக்கம்பெனியின் சஞ்சிகையில் 1987-ஆம் ஆண்டில் வெளியிட்ட கட்டுரையொன்றை இதன் தோற்றுவாயாகக் கூறுவர். கட்டடம் கட்டுவோரும் ஆகாய விமானம் செய்வோரும் ஒரே பொருளைப் பலர் பலவாறு நோக்குவதற்கேற்ப வெவ்வேறு படங்கள் வரைவதை அவர் கண்டார். வீட்டுக்காரனுக்குக் காட்டும் படம் வேறு. கொத்தனுக்குக் கொடுக்கும் படம் வேறு. எனினும் வீடு ஒன்றே. இவ்வாறே ஸ்தாபனத்தின் செய்தி முறைகளையும் என்ன, எவ்வாறு, எங்கே என்னும் மூன்று வினாக்களால் ஆராயலாம் என்றார். 1992-இல் ஜான் ஸோவா என்பாருடன் சேர்ந்து யார், எப்பொழுது, ஏன் என்னும் மூன்றையும் கூட்டி ஆறாக்கினார். பின்னர், அமெரிக்கப் பாதுகாப்பு இலாகா தனக்கென வகுத்திருந்த முறையை அடிப்படையாகக் கொண்டு, ‘ஓபன் குரூப்’ என்னும் சங்கத்தார் 1995-இல் ‘டோகாஃப்’ என்னும் சட்டகத்தை வெளியிட்டனர். தொழில், செய்தி, மென்பொருள், யந்திரம் என்னும் நான்கு அடுக்குகளாக ஸ்தாபனத்தைப் பகுத்துக் காணும் முறை இதனால் எங்கும் பரவிற்று. 1996-இல் அமெரிக்கக் காங்கிரஸ் நிறைவேற்றிய கிளிங்கர்–கோஹன் சட்டம், அந்நாட்டு மத்திய இலாகாக்களின் தலைமைத் தகவல் அதிகாரிகள் இத்தகைய கட்டுக்கோப்பை வகுத்துப் பேணுதலைக் கடமையாக்கிற்று.

நிற்க. சட்டம் இயற்றிய அந்நாட்டிலேயே, அச்சட்டத்தின் கருத்தைப் புறக்கணித்ததால் நேர்ந்த இடர் ஒன்று உண்டு. அதனை அறிந்தோர்க்கு இத்துறை வெறும் ஏட்டுக்கல்வியன்று என்பது புலனாகும்.

எப்.பி.ஐ. என்று வழங்கும் அமெரிக்க மத்தியப் புலனாய்வு இலாகா, பல கள அலுவலகங்களை உடைய பேரமைப்பு. வழக்குச் செய்திகளைக் காப்பதற்கென அது 1995-இல் ஒரு கணினி முறையை ஏற்படுத்தியிருந்தது. அம்முறை பிறக்கும்போதே பழமைப்பட்டது. அதிகாரிகள் அறிக்கைகளைக் காகிதத்தில் எழுதி, மேலதிகாரியின் கையொப்பம் பெற்ற பின்னரே அவை கணினியிற் சேர்ந்தன. காகிதமே உண்மையான பதிவாக எண்ணப்பட்டது. 2001-ஆம் ஆண்டு இதன் விளைவுகளை ஒவ்வொன்றாக வெளிப்படுத்திற்று. அவ்வாண்டு பிப்ரவரியில், பல ஆண்டுகளாக ருஷியருக்கு வேவு பார்த்துவந்த ராபர்ட் ஹான்ஸன் என்னும் அதிகாரி கைதானார். தம்மீது ஐயம் எழுந்துள்ளதா என்று அவர் அக்கணினி முறையிலேயே தம் பெயரைத் தேடிப் பார்த்துவந்தார் என்பது பின்னர் வெளியாயிற்று. மே மாதத்தில், ஓக்லஹோமா குண்டுவெடிப்புக் குற்றவாளி திமோதி மக்வேயின் மரண தண்டனைக்குச் சில நாட்களே இருந்த வேளையில், அவர் தரப்பு வக்கீல்களுக்குக் கொடுத்திருக்கவேண்டிய 3,000-க்கு மேற்பட்ட பக்கங்கள் கொடுக்கப்படவில்லை என்று தெரியவந்தது. தண்டனை ஜூன் 11-ஆம் தேதிக்கு ஒத்திவைக்கப்பட்டது. ஜூலை மாதத்தில், விமானம் ஓட்டும் பயிற்சிச்சாலைகளில் சேருவோரைப் பற்றி ஐயுற்று ஃபீனிக்ஸ் நகர அதிகாரி ஒருவர் தலைமை அலுவலகத்திற்கு ஓலை எழுதினார். அது யாருக்கு விலாசமிடப்பட்டதோ அம்மேலதிகாரிகள், செப்டம்பர் 11-ஆம் தேதித் தாக்குதல் நிகழ்ந்த பின்னரே அதனைக் கண்டனர். ஓர் ஓலையைப் படித்திருந்தால் பேரிடர் நீங்கியிருக்கும் என்று நாம் துணிந்து கூறோம். ஆயினும், காணவேண்டியவர் காணாத செய்தியும், காணத்தகாதவர் கண்ட செய்தியும் ஒரே இலாகாவில் ஒரே காலத்தில் இருந்தன என்பது சிந்திக்கத்தக்கது.

இக்குறைகளைக் களைய ‘டிரிலஜி’ என்னும் பெரும் திட்டம் 2000-ஆம் ஆண்டின் இறுதியில் ஏறக்குறைய 38 கோடி டாலர் மதிப்பில் அங்கீகாரம் பெற்றிருந்தது. புதிய கணினிகள், புதிய இணைப்புகள், புதிய மென்பொருள்கள் என அது மூன்று கிளைகளை உடையது. முதலிரண்டும் காலந்தாழ்த்தேனும் நிறைவெய்தின. மூன்றாவதன் உயிர்நாடியாக இருந்தது, வழக்குக் கட்டுகளைக் காகிதமின்றிப் பேணும் மென்பொருள். அதற்கென எழுதப்பெற்ற தேவைப் பட்டியல் 800 பக்கங்களுக்குக் குறையாதது. இன்ன பொத்தான் இன்னவிடத்தில் அமையவேண்டும் என்பது வரை அதில் உண்டு. ஆனால் இலாகா முழுவதன் வேலையும் செய்தியும் எவ்வாறு ஓடுகின்றன என்னும் வரைபடம் இல்லை. வேலை நடக்கும்போதே நூற்றுக்கணக்கான மாற்றங்கள் கோரப்பட்டன. எம்மாற்றம் நோக்கத்திற்கு இயைந்தது, எது இயையாதது என்று அளந்து பார்க்கும் கோல் யாரிடமும் இல்லை. காங்கிரஸின் கணக்காய்வு அலுவலகம், இவ்விலாகாவுக்குக் கட்டுக்கோப்பு இல்லை என்று 2003 செப்டம்பரில் எச்சரித்தது. 2003 டிசம்பரில் ஒப்பந்தக்காரர் கொண்டுவந்த மென்பொருளை இலாகா ஏற்க மறுத்தது. 2004-இல் அறிஞர் குழுவொன்றும், கட்டுக்கோப்பு இல்லாமையைக் கண்டித்ததோடு, பழைய முறைக்குத் திரும்ப வழி வைக்காமல் ஒரே நாளில் அனைவரையும் புதிய முறைக்கு மாற்றுதல் ஆபத்தானது என்றும் எடுத்துரைத்தது. 2005-இல் அம்மென்பொருள் அறவே கைவிடப்பட்டது. அதற்காகச் செலவான தொகை ஏறக்குறைய 17 கோடி டாலர்.

இதனின்று நாம் கொள்ளவேண்டிய பாடம் யாது? பொருள் இல்லாமையால் இத்திட்டம் கெடவில்லை. அறிவுடையோர் இல்லாமையாலும் கெடவில்லை. காகிதத்தில் எழுதாமையாலும் கெடவில்லை. எழுதிய 800 பக்கங்களும் கருவியைப் பற்றியவையாக இருந்தனவேயன்றி, இலாகாவைப் பற்றியவையாக இல்லை. கதவின் வேலைப்பாட்டை நுணுக்கமாக வரைந்த தச்சன், அக்கதவு எந்த அறைக்குரியது என்பதை அறியாதிருந்தான் என்றே கூறலாம்.

இனி, இத்துறையைக் குறை கூறுவோரும் உளர். கட்டுக்கோப்பு என்பது பெயரளவில் பெரியது. ஆண்டுக்கணக்கில் படம் வரைந்துகொண்டிருப்பர். வரைந்து முடிப்பதற்குள் ஸ்தாபனமே மாறிவிடும். படங்கள் அலமாரியில் தூசி படியும் என்பது அவர்கள் வாதம். இவ்வாதத்தில் உண்மை இல்லையென்று நாம் சொல்லோம். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது. சட்டகங்களின் கட்டங்களை நிரப்புவதே தொழில் என்று எண்ணி, எவரும் படிக்காத ஏடுகளைப் பெருக்கிய அலுவலகங்கள் உண்டு. சட்டம் கட்டளையிட்டதென்பதற்காக வரையப்படும் படம், பரிசோதகர் வரும் நாளுக்கென எழுதும் பதிவேட்டை ஒக்கும். ஆனால், மருந்தை அளவின்றி உண்டவன் துன்புற்றான் என்பதால் மருந்தே வேண்டாம் என்பது அறிவுடைமையாகாது. எவ்வளவு வேண்டும், யார் செய்யவேண்டும், எவ்வாறு செய்யவேண்டும் என்பனவே ஆராயத்தக்கவை.

அதே எப்.பி.ஐ. இலாகா இதற்கும் ஒரு விடை தருகின்றது. கைவிட்ட மென்பொருளுக்குப் பதிலாக ‘ஸென்டினல்’ என்னும் புதிய முறையை 2006-இல் தொடங்கினர். அதுவும் பெரிய ஒப்பந்தக்காரர் வழியாகவே தொடங்கிக் காலமும் பொருளும் வரம்பு கடந்தன. 2010-இல் இலாகா அவ்வேலையைத் தன் கையிலேயே எடுத்துக்கொண்டது. சிறிய குழுவொன்றை அமர்த்திச் சில வாரங்களுக்கு ஒருமுறை சிறு பகுதியை முடித்துக் காட்டச் செய்தது. 2012 ஜூலையில் அம்முறை இலாகா முழுவதிலும் வழக்கத்திற்கு வந்தது. இதனைக் கண்ட சிலர், திட்டமே வேண்டாம், சிறுகச் சிறுகச் செய்தாற் போதும் என்று முடிவு கட்டுவர். எம் கருத்து அதுவன்று. சிறிய அடி வைப்பவனுக்கும் செல்லுந் திசை தெரிந்திருத்தல் வேண்டும். முன்னர்க் கண்ட தோல்விகளும், கணக்காய்வாளர் கண்டனங்களும் அவ்விலாகாவைத் தன்னைத் தான் நோக்குமாறு செய்த பின்னரே, சிறிய அடிகள் ஓரிடம் சென்று சேர்ந்தன. திசையறியாத வேகமும் வீண்; அடியெடுத்து வையாத திசையறிவும் வீண்.

ஆகவே, ஸ்தாபனத்தை நடத்துவோர் முதலில் தம்மைத் தாமே கேட்டுக்கொள்ளவேண்டிய வினாக்கள் இரண்டு என்போம். ஜீன் ராஸ், பீட்டர் வைல், டேவிட் ராபர்ட்ஸன் என்னும் அறிஞர் மூவர் 2006-இல் வெளியிட்ட நூலில் இவ்விரண்டையும் தெளிவாக எடுத்துக்காட்டினர். நம் கிளைகள் எவ்வளவு தூரம் ஒரே செய்தியைப் பகிர்ந்துகொள்ள வேண்டும் என்பது ஒன்று. நம் கிளைகள் எவ்வளவு தூரம் ஒரே முறையில் வேலை செய்யவேண்டும் என்பது மற்றொன்று. பல ஊர்களில் ஒரே வகை உணவை விற்கும் கடைகளுக்கு வேலை முறை ஒன்றாயிருத்தல் போதும். ஒரு கடையின் வாடிக்கைக்காரரை மற்றொரு கடை அறியவேண்டுவதில்லை. ஒரே நோயாளியைப் பல பிரிவுகளில் பார்க்கும் வைத்தியசாலைக்கோ, வேலை முறை பிரிவுதோறும் வேறாயினும் நோயாளியின் செய்தி ஒன்றாயிருத்தல் இன்றியமையாதது. இவ்விரு வினாக்களுக்கும் விடையளிக்காமல் மென்பொருள் வாங்குவோர், விற்பவன் அளித்த விடையையே தம் விடையாக ஏற்றுக்கொண்டவராவர்.

இவ்விடத்தில் மெல்வின் கான்வே என்பார் 1968-இல் வெளியிட்ட கருத்தொன்றும் நினைக்கத்தக்கது. ஒரு கூட்டத்தார் அமைக்கும் எந்த முறையும், அக்கூட்டத்தார் தம்முள் பேசிக்கொள்ளும் முறையையே ஒத்திருக்கும் என்பது அவர் கண்ட உண்மை. ஒருவரோடொருவர் பேசாத இலாகாக்கள் வாங்கும் கணினிகளும் ஒன்றோடொன்று பேசமாட்டா. ஆதலின், கட்டுக்கோப்பைத் திருத்துதல் என்பது ஓரளவு மனிதரைத் திருத்துதலேயாம். ‘என் பதிவேடு என் உரிமை’ என்று பிடிவாதம் செய்யும் அலுவலகத் தலைவரை இணங்கச் செய்யாமல், எந்தக் கணினியாலும் அப்பதிவேட்டை ஏனையோர்க்குத் திறந்துவிட இயலாது. இதனாலேயே இவ்வேலையை ஸ்தாபனத்தின் தலைவர் தம் மேற்பார்வையில் வைத்துக்கொள்ளல் வேண்டும் என்கிறோம். ஊர் கூடித் தேர் இழுக்கலாம்; வடத்தைத் தலைக்கொரு திசையாய் இழுப்பின் தேர் நிலையை விட்டு நகராது.

நாம் வேண்டுவது பெரிய ஏடுகள் அல்ல. ஸ்தாபனம் செய்யும் வேலைகளின் பட்டியல் ஒரு பக்கம். முக்கியமான செய்திகளும் அவற்றிற்குப் பொறுப்பாளரும் ஒரு பக்கம். உள்ள மென்பொருள்களும் அவை ஒன்றோடொன்று கொள்ளும் தொடர்பும் ஒரு பக்கம். அடுத்த மூன்றாண்டுகளில் எது போகவேண்டும், எது வரவேண்டும் என்பது ஒரு பக்கம். இந்நான்கு பக்கங்களும் உண்மையாயிருந்து, ஆறு திங்களுக்கு ஒருமுறை திருத்தப்பட்டு, எப்பொருளை வாங்குமுன்னும் இவை மேசைமேல் விரிக்கப்படுமாயின், நானூறு பக்க ஏடு செய்யாத நன்மையை இவை செய்யும். பொருந்தாத பொருளை வேண்டாம் என்று மறுக்கும் அதிகாரம் இவற்றைப் பேணுவோர்க்கு இருத்தலும் அவசியம். அவ்வதிகாரம் இல்லாத ஸ்தபதி வெறும் சித்திரக்காரனே.

இந்திய மத்திய அரசாங்கமும் தன் இலாகாக்களுக்கென இத்தகைய சட்டகமொன்றை 2018-இல் வெளியிட்டுள்ளது. நல்லது. ஆனால் சட்டகம் வெளியிடுதல் தொடக்கமேயன்றி முடிவன்று என்பதை மேற்கூறிய வரலாறு காட்டும். சட்டம் இயற்றி ஏழாண்டுகள் கழிந்தும் அமெரிக்காவின் தலையாய இலாகாவொன்று வரைபடமின்றியே நின்றது அன்றோ?

இறுதியாக நம் மாணவர்க்கு ஒரு வார்த்தை. கணினி கற்ற இளைஞர் பலர் மென்பொருள் எழுதுவதையே தம் தொழிலாகக் கருதுகின்றனர். வாணிகம் கற்றோர் யந்திரம் தமக்கு அந்நியம் என்று விலகுகின்றனர். இவ்விரு சாராருக்கும் இடையே கிடக்கும் பள்ளத்திலேதான் பொதுமக்களின் பொருளும் பொழுதும் வீழ்ந்து அழிகின்றன. பென்ஷன் கேட்டு வரும் முதியவளையும், பேரேட்டில் பெயர் மாறியதால் உரிமை இழக்கும் ஏழையையும் ‘கணினியில் இல்லை’ என்னும் ஒரு சொல் திருப்பியனுப்புகின்றது. அச்சொல்லின் பின்னே இருப்பது கணினியின் குற்றமன்று; தன்னை அறியாத ஸ்தாபனத்தின் குற்றம். இரு கரைகளையும் அறிந்து பாலமிடவல்ல பட்டதாரிகளை நம் கலாசாலை அளிக்குமாயின், அது அவ்வேழைகளுக்குச் செய்யும் தொண்டேயாகும். அத்தொண்டிற்கு நம் இளைஞர் முன்வருவாராக.